துண்டுக்குள் நடுங்கிய கை

தம்பிகளே, போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வரும்போது உங்களில் ஒருவர் என்னை ஆம்பூர் கடைத்தெருவில் வழிமறித்து ஒரு கேள்வி கேட்டார். "பாய், எங்க அப்பாவுக்கு அம்பது தாண்டறதுக்குள்ளயே தரகு சலிச்சுப் போச்சு. நீங்க இன்னா தின்னுட்டு எழுவது வரைக்கும் தோல் மண்டியில நின்னீங்க?" என்றார். நான் தின்றது பாதி சோறு, பாதி வசவு. ஆனால் அதைத் தெருவில் நின்று விளக்கினால் வீட்டில் சோறு ஆறிவிடும், அப்புறம் வசவு முழுதாகிவிடும். அதனால்தான் இன்று எல்லோரையும் மண்டிக்கே வரச் சொன்னேன். டீ என் செலவு, பிஸ்கோத்து உங்கள் செலவு.

நம்முடைய தொழிலைப் பற்றி வெளியூர்க்காரனிடம் சொன்னால் நம்பமாட்டான். சந்தை நடுவில் ஆயிரம் பேர் பார்க்க, தோல் விற்க வந்தவருக்காகத் தரகன் ஒருவன் வாங்க வந்தவரோடு கை கோத்துக்கொள்வான். மேலே ஒரு துண்டு மூடியிருக்கும். வாய் மழையைப் பற்றிப் பேசும், விலையை விரல்தான் பேசும். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். பிடித்த விலைக்கு மேல் அரை ரூபாய் கூட்ட வேண்டுமானால் உள்ளங்கையில் விரல் நுனியால் தட்ட வேண்டும். சம்மதம் இல்லையென்றால் கையை உருவிக்கொள்ள வேண்டும். உருவாமல் இருந்தால் சம்மதம் என்று பொருள். தரகன் துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டால் வியாபாரம் முடிந்தது. அதற்குப் பிறகு பாலாற்றில் வெள்ளமே வந்தாலும் பேச்சு மாறாது. இந்த ஒரு கட்டுப்பாட்டின் மேல்தான் வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரைக்கும் தோல் வியாபாரம் நடக்கிறது.

என் வலது கை இந்த மண்டியிலேயே பேர் எடுத்த கை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், வயதானவனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? "காதர் விரலைப் பிடிச்சா ஆணி அடிச்ச மாதிரி" என்று மதராஸ் பெரியமேட்டுத் தோல் வியாபாரிகள் சொல்வார்கள். அந்தக் கை அறுபதை நெருங்கும்போது லேசாக நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ கிளாஸில் தெரிந்தது. கிளாஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு சட்டைப் பொத்தானில் தெரிந்தது. பொத்தானில்லாத ஜிப்பாவுக்கு மாறிக்கொண்டேன். ஆள் பார்த்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். ஊரில் எல்லோரும், "காதர் பாய் இப்பல்லாம் ஜமீன்தார் மாதிரி நடக்கிறாரு" என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் பெரியமேட்டு வியாபாரி ஒருவர் ஆட்டுத்தோல் வாங்க வந்தார். அவருக்கு மதராஸ் ரயிலைப் பிடிக்கும் அவசரம். துண்டு போட்டேன். விற்பவர் சொன்ன கடைசி விலையை விரலில் பிடித்தேன். அவர் யோசித்தார். நான் பிடியைத் தளர்த்தி, விரலை அவர் உள்ளங்கையில் சும்மா வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தேன். அவர் ஒரு தரம் முகத்தைச் சுளித்தார், ஆனால் கையை உருவவில்லை. நான் துண்டை உதறினேன். கணக்கப்பிள்ளையிடம் அவர் விலையைச் சொல்லும்போது, நான் பிடித்த விலைக்கு மேல் ஓர் அரை ரூபாயும் சேர்ந்து வந்தது.

"அரை யார் சொன்னது?" என்றேன்.

"உன் விரல்தான்யா சொல்லிச்சு. ரெண்டு தரம் தட்டினியே. ரயிலு போய்டுமேன்னு நானும் ஒத்துக்கிட்டேன்."

நான் தட்டவில்லை என்று சண்டைக்கே போய்விட்டேன். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்படிக் கத்தியதில்லை. கத்திக்கொண்டிருக்கும்போதே எல்லோருடைய கண்ணும் என் முகத்தை விட்டு என் கைக்கு இறங்கியதைப் பார்த்தேன். நானும் குனிந்து பார்த்தேன். அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. துண்டை உதறியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது. அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே பேசியபடி கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடினார். விற்றவர் மட்டும் மனம் குளிர்ந்து எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கித் தந்தார். அன்றைக்கு எனக்கு ரொம்ப வலித்தது அந்த வாழைப்பழம்தான்.

மறுநாள் மண்டிக்கு வந்தால், நான் வழக்கமாக நிற்கும் வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி கிடந்தது. பிரம்பு பின்னியது, கைப்பிடி வைத்தது. பக்கத்தில் சம்பந்தம் நின்றிருந்தார். உங்களுக்கு அவரைத் தெரியும், இப்போது தரகர்களுக்கெல்லாம் தலைவர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், அப்போது எனக்குக் கூட்டாளி, தங்கமான மனிதர்.

"பாய், இனிமே நீங்க அலையக் கூடாது. இங்க குந்துங்க. தொழில நாங்க பார்த்துக்கிறோம், நீங்க புத்தி சொல்லுங்க," என்றார்.

தம்பிகளே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மனுஷனைத் தொழிலிலிருந்து கழற்றிவிட வேண்டுமென்றால் திட்டவே வேண்டாம். ஒரு நாற்காலி வாங்கிப் போட்டால் போதும். வேளாவேளைக்கு டீ வரும். போகிறவன் வருகிறவன் எல்லாம் சலாம் வைப்பான். புத்தி மட்டும் ஒருவனும் கேட்கமாட்டான். கோடை முழுவதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து காக்கை ஓட்டினேன். சோற்றுக்குக் குறைவில்லை, பிள்ளைகள் இரண்டு பேரும் தோல் பதனிடும் டேனரியில் நல்ல வேலையில் இருந்தார்கள். ஆனால் காலையில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு போவதற்கு ஓர் இடம் வேண்டுமே. அது போய்விடுமோ என்றுதான் பயந்தேன். சாவுக்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை.

வீட்டில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஹலீமாவுக்குப் பேஜாராகிவிட்டது. ஹலீமா என் வீட்டுக்காரி. எங்கள் மொஹல்லாவில் எந்தக் கல்யாணத்துக்கும் ஹல்வா கிண்டுவது அவள்தான். ஒரு சாயங்காலம் கொல்லைப்புறத்தில் பெரிய சட்டி ஏற்றியிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டேன். அது மூன்றாவதோ நாலாவதோ பெருமூச்சு.

"இன்னாங்க, அடுப்ப ஊதறதுன்னா ஊதுகுழல் இருக்குது, அத எடுத்து ஊதுங்க," என்றாள்.

"என்னை நாற்காலியில போட்டுட்டாங்க ஹலீமா."

"தெரியும். ஊருக்கே தெரியும். இந்த அடுப்பப் பாத்தீங்களா?"

பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். தரையில் இருக்க வேண்டிய அடுப்பு கல் அடுக்கி இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தது.

"எப்போ இத ஒசத்தினே?"

"போன வருசமே. முட்டி மடங்கல. குந்தினா எழுந்திருக்க ரெண்டு ஆளு வேணும். அதனால நான் எறங்கறத வுட்டுட்டு அடுப்ப ஏத்திட்டேன். அடுப்பு கோச்சுக்கல. ஹல்வா தின்னவங்களும், ஏம்மா நின்னுக்கிட்டு கிண்டுனேன்னு கேக்கல." கரண்டியைச் சட்டி ஓரத்தில் தட்டினாள். "உங்க கை நடுங்கறது தப்பில்ல. நடுங்கலன்னு நீங்க மறைக்கறதுதான் பேஜாரு. மறைக்கிற கைய எவன் நம்பிப் புடிப்பான்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும், அது என் பிறவிக் குணம். ஹல்வா தருகிறேன் என்று கூப்பிட்டும் போய்ப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து தின்றேன். தின்னும்போது என் கையை நானே முதல் தடவையாக உற்றுப் பார்த்தேன். விரல் சும்மா கிடந்தால்தான் ஆடுகிறது, எதையாவது இறுக்கிப் பிடித்தால் அடங்குகிறது. ஹல்வாவை உருட்டிப் பிடிக்கும்போது ஆட்டமே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரை ரூபாய் கூட்டத் தட்டித்தான் ஆக வேண்டும் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது? தட்டுவதற்குப் பதில் கட்டைவிரலால் அழுத்தினால் போயிற்று.

மறுநாள் நாற்காலியில் மேல்துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, நான் தரகுத் துண்டோடு எழுந்து மண்டிக்குள் போனேன். முதலில் பேசியவர் துண்டுக்குள் என் கை பட்டதும் உருவிக்கொண்டார். "வாணாம் பாய், மனசு சங்கடப்படும்," என்றார். காது சூடாகிவிட்டது. திரும்பிப் போய் நாற்காலியில் உட்காரலாமா என்றுகூடத் தோன்றியது. அப்போது கிராமத்திலிருந்து கொஞ்சம் ஆட்டுத்தோல் கட்டிக்கொண்டு வந்த கசாப்புக்காரர் ஒருவர், தரகர் யாரும் கண்டுகொள்ளாமல் ஒரு மூலையில் நின்றிருந்தார். அவருக்காகச் சின்ன வியாபாரி ஒருவரிடம் துண்டு போட்டேன். விலை பேசுவதற்கு முன்னால் என் விரலை அவர் உள்ளங்கையில் சும்மா ஆடவிட்டேன்.

"தெரியுதா? இது நடுக்கம். இதுக்கு வெல கெடயாது. இப்ப இது தெரியுதா? இதான் அழுத்தம். காதர் அழுத்தினா அரை ஜாஸ்தி. ஆடினா வயசு ஜாஸ்தி."

அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்தவர் கையை உருவுவாரா? பேரம் படிந்தது. அது முதல் சில்லறைப் பேரங்கள் எனக்கு வந்தன. பெரிய பேரத்துக்கு மட்டும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. சம்பந்தம் தூரத்திலிருந்து பார்ப்பார். ஆனால் நாற்காலியை மரத்தடியிலிருந்து எடுக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஜோலார்பேட்டைக்கு அந்தப் பக்கம் எங்கோ தண்டவாளம் அரித்துப்போய்ச் சரக்கு வண்டி நின்றுவிட்டது. எந்த ஊரிலிருந்தும் பச்சைத்தோல் வரவில்லை. டேனரிகளில் சுண்ணாம்புத் தொட்டிகள் காலியாகக் கிடந்தன, ஆட்கள் வாசலில் குந்தியிருந்தார்கள். அந்த நேரத்தில் மலைக்கு மேற்கேயிருந்து நாயுடு ஒருவர் வண்டி வண்டியாக உப்புத்தோல் ஏற்றிக்கொண்டு சகதியில் மாடுகளை ஓட்டி ஆம்பூர் வந்து சேர்ந்தார். வாங்கக்கூடியவர் ஒரே ஒருவர், பெரிய டேனரி வைத்திருந்த ஹாஜியார். அந்த நாயுடுவும் இந்த ஹாஜியாரும் சின்ன வயதிலிருந்து தோஸ்த்துகள். அதுதான் பிரச்சினை. அன்னியனிடம் தோற்கலாம், தோஸ்த்திடம் தோற்க முடியாது.

வந்த முதல் நாளே இரண்டு பேரும் ஊர் கேட்கச் சபதம் போட்டுவிட்டார்கள். சொன்ன விலைக்கு மேல் ஏற்றினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்றார் ஹாஜியார். அவருக்குத் தாடியோடு சேர்ந்த பெரிய மீசை. சொன்ன விலைக்குக் கீழே இறங்கினால் திருப்பதிக்குப் போகாமலேயே மொட்டை போடுகிறேன் என்றார் நாயுடு. அவருக்கு வயதுக்கு மீறிய அடர்த்தியான குடுமி. மழை பெய்துகொண்டே இருந்தது. வண்டிகளுக்கு மேல் போட்ட பாய் ஒழுகி உப்பு கரைந்து ஓடியது. உப்பு போனால் தோலில் மயிர் கழலும், மயிர் கழன்றால் அழுகல்தான். மறுநாள் பொழுது சாய்வதற்குள் தொட்டியில் இறங்காவிட்டால் அவ்வளவு தோலும் குப்பைக்குத்தான் போகும். நாயுடுவுக்கு முதல் போகும், ஹாஜியாரின் ஆட்களுக்கு வரப்போகும் பெருநாளுக்கான கூலி போகும்.

மறுநாள் காலையிலிருந்து சம்பந்தம் துண்டு போட்டுப் பார்த்தார். இன்னும் இரண்டு தரகர்கள் பார்த்தார்கள். நாயுடுவின் கடைசி விலையைப் பிடித்தால் ஹாஜியார் கையை உருவுவார், ஹாஜியாரின் விலையைக் கொண்டுபோனால் நாயுடு உருவுவார். மத்தியானத்துக்கு மேல் சம்பந்தம் நனைந்துகொண்டே என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார்.

"பாய், கொஞ்சம் எழுந்து வர்றீங்களா?"

"ஏம்பா, நான் புத்தி சொல்றதுக்குத்தானே குந்தியிருக்கேன்?"

"புத்தி எங்ககிட்டயும் இருக்குது. உங்க கை வேணும்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கோடை முழுவதும் காத்திருந்தேன் போலிருக்கிறது. ஆனாலும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வயதானவன் கூப்பிட்ட உடனே ஓடக் கூடாது, சறுக்கி விழுவான்.

மண்டிக் கொட்டகையில் இரண்டு பேரும் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் தரகர்கள், வண்டிக்காரர்கள், டேனரி ஆட்கள். என்னைப் பார்த்ததும் கூட்டத்தில் யாரோ, "இவரு கை ஆடுமே," என்றார். அந்த ஆளுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு காதில் விழுந்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. இந்த இரண்டு பேருக்கும் விலை தெரியாமல் இல்லை. நடுவிலே எங்கே நிற்க வேண்டும் என்று என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இறங்குவதற்கு ஒரு சாக்குதான் வேண்டும்.

"ரெண்டு பேரும் இப்பிடித் திரும்புங்க. ஒரே துண்டுக்குள்ள கைய குடுங்க," என்றேன்.

"விக்கிறவன் வாங்கறவன் கைய ஒரே துண்டுல போடறதா? எந்த ஊரு வழக்கம் இது?" என்றார் நாயுடு.

"கெழவங்க ஊரு வழக்கம். நமக்கு மூணு பேருக்கும் சேர்த்து எவ்ளோ வயசுன்னு யோசிங்க. இனிமே எவன் வந்து நம்மள கேக்கப் போறான்?"

ஹாஜியாரின் மீசை அசைந்தது, சிரிப்பை அடக்கினார். இரண்டு பேரும் கை நீட்டினார்கள். வலது கையை ஹாஜியாருக்கும் இடது கையை நாயுடுவுக்கும் கொடுத்தேன். கூட்டத்துக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன்.

"முன்னாடியே சொல்லிட்டேன். எனக்கு வயசாய்டுச்சு. விரலு முன்னப் பின்ன ஆடும். அப்புறம் என்னைக் கொற சொல்லக் கூடாது."

பிறகு இரண்டு கையிலும் ஒரே விலையைப் பிடித்தேன். ஹாஜியார் சொன்னதற்கு மேலே, நாயுடு சொன்னதற்குக் கீழே, நட்ட நடுவில். பிடித்துவிட்டு மழையைப் பார்த்தேன்.

ஓட்டிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. இந்தப் பேரம் முறிந்தால் மண்டியில் எனக்கு அந்த நாற்காலிதான் கடைசி இடம் என்பது எனக்குத் தெரியும். ஹாஜியார் என்னைப் பார்த்தார். நாயுடுவைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"காதரு, உன் விரலு இன்னா இப்பிடி நடுங்குது? வெலைய ஏத்திட்டியேய்யா."

"எனக்கு எறக்கிட்டாரு," என்றார் நாயுடு. "இன்னா பண்றது, வயசான கையி. கோச்சுக்க முடியுமா?"

"நான் ஏத்தல. அது தானா ஏறிடுச்சு."

"நானும் எறங்கல. நடுக்கத்துல எறங்கிடுச்சு."

இரண்டு பேரும் கையை உருவவில்லை. "இன்னாய்யா பாத்துக்கினு நிக்கிற, தோலு அழுவுது, உதறு," என்று நாயுடு அதட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டேன். அதற்குள் வண்டிக்காரர்கள் மாட்டைத் தட்டிவிட்டார்கள். டேனரி ஆட்கள் மழையில் கத்திக்கொண்டே வண்டிக்குப் பின்னால் ஓடினார்கள். பொழுது சாய்வதற்குள் கடைசித் தோலும் சுண்ணாம்பில் இறங்கியது. அன்று ஹாஜியார் வீட்டில் பெரிய தேக்சா நிறைய பிரியாணி. சைவக்கார நாயுடுவுக்காக ஹலீமா தனியாகச் சட்டி வைத்து, உயர்ந்த அடுப்பில் நின்றபடியே ஹல்வா கிண்டினாள். மீசையும் பிழைத்தது, குடுமியும் பிழைத்தது. யாரும் இறங்கவில்லையே, எதற்கு எடுப்பது?

அதற்குப் பிறகு எங்கே பேரம் முட்டிக்கொண்டு நின்றாலும், "நடுங்குற கைய கூப்புடு" என்பார்கள். வாணியம்பாடியிலிருந்துகூட ஜட்கா வண்டி அனுப்பினார்கள். சம்பந்தம் அந்த நாற்காலியை எடுத்துப்போய்க் கணக்கப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த பத்து வருடம் நான் நின்றுகொண்டேதான் டீ குடித்தேன்.

உங்களுக்கும் வயது வரும் தம்பிகளே. கண் மங்கும், காது அடைக்கும், முட்டி மடங்காது. அதை மறைத்துக்கொண்டு திரியாதீர்கள். முதல் ஆளாக நீங்களே சொல்லிவிட்டு, சிரித்துவிட்டு, வேலையில் இறங்குங்கள். அடுப்பு எட்டவில்லையென்றால் அடுப்பை உயர்த்துங்கள். யாராவது நாற்காலி போட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், மேல்துண்டு போட்டுவைக்க உதவும். நம்மால் முடியாததைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் நிறையவே இருக்கும். இளவயதில் நாம் அதை எண்ணிப் பார்த்திருக்கமாட்டோம்.

ஹாஜியாரும் நாயுடுவும் இப்போது இல்லை. கடைசி வரைக்கும் பார்த்த இடத்திலெல்லாம், "உன் நடுக்கத்தால நான் நஷ்டப்பட்டேன்யா" என்று இரண்டு பேரும் என்னை வைதார்கள். வைதுவிட்டுக் கண்ணைச் சிமிட்டுவார்கள். நானும் பதிலுக்குச் சிமிட்டுவேன். அன்று அந்தத் துண்டுக்குள் நடந்தது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். என் கை நடுங்கவே இல்லை.